வீலில் ஒட்டிய பிரேக் தூளுக்கு நான் அழுத தண்டம்

கார் வீலில் படிகிற கருப்புத் தூளைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு அது எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்ச் சமாச்சாரம். அதில் பெரும்பகுதி வீலைச் சுத்தம் செய்த செலவு இல்லை. சுத்தம் செய்து தருகிறேன் என்று ஒரு கடையில் கெடுத்துக் கொடுத்ததைச் சரிபண்ணிய செலவு. கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "முதலில் அது என்ன அழுக்குன்னு பாரு" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்: வீலில் எதை அடிப்பதாக இருந்தாலும் அந்த பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். லேபிளே இல்லாத பாட்டில் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நான் இருப்பது கோயம்புத்தூரில், அம்மா வீடு வால்பாறையில். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது மலை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஜெர்மன் கம்பெனி ஹேட்ச்பேக். ஆழியாறைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் வழி நெடுக பிரேக்கில் கால். கீழே வந்து பொள்ளாச்சியில் டீ குடிக்க நிறுத்தினால் முன் வீல் இரண்டும் கருகருவென்று இருக்கும், பின் வீல் இரண்டும் கழுவி வைத்தது போலவே இருக்கும். இதற்குக் காரணம் லேசானது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. போதாததற்கு என் வண்டியில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அதில் தேய்கிற தூள் டிரம்முக்கு உள்ளேயே தங்கிவிடும். முன்னால் வீலோடு சுற்றுகிற பிரேக் தட்டு, அதாவது டிஸ்க், திறந்த வாக்கில் இருப்பதால் தூள் நேராக அலாய் வீலில் போய் அப்பிக்கொள்கிறது.

ஆரம்பத்தில் வீட்டிலேயே கார் ஷாம்பு போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற கருப்பு போய்விடும். ஆனால் அடியில் பழுப்பாக, கடுகைவிடச் சின்னதாகப் புள்ளி புள்ளியாக நிற்கும். அது எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. ஒரு பாலிதீன் கவருக்குள் கையை விட்டு அந்த இடத்தை மெல்லத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் சொரசொரவென்று விரலில் தட்டும். ஸ்போக் ரிம்மோடு சேருகிற மூலையிலும், நட்டுக் குழிகளிலும், ரிம்மின் உட்பக்கத்திலும்தான் இது ரொம்ப மோசம்.

யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டு மாமா மண்ணெண்ணெய் என்றார், கொழுந்தனார் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் என்றார், ஆபீஸில் ஒருத்தர் டாய்லெட் கழுவுகிற ஆசிட்டைத் தண்ணீர் கலந்து அடிக்கச் சொன்னார். எலுமிச்சம்பழம், சோடா உப்பு, டூத்பேஸ்ட் எல்லாம் வந்தன. இவற்றில் மண்ணெண்ணெய் தாரை எடுக்கும், பிரேக் தூளை எடுக்காது. அது ஒரு சொட்டு டிஸ்கில் பட்டால் பிரேக் வழுக்கும் என்பது வேறு. கம்பி நார் புள்ளியை எடுப்பதற்கு முன்னால் வீலின் பளபளப்பை எடுத்துவிடும். ஆசிட் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

அது என்ன அழுக்கு என்று எனக்கு விளக்கியது பீளமேட்டில் ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன். வெறும் தூசியாக இருந்தால் தண்ணீருக்கே போய்விடும், இது இரும்பு என்றான். பிரேக் டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடில் ரெசின், கிராஃபைட், நார், உலோகத் தூள் எல்லாம் கலந்திருக்கும். பிரேக் பிடிக்கப் பிடிக்க பேடும் தேயும், டிஸ்கும் தேயும். தேய்ந்து வருகிற இரும்புத் துகள் சூடாகப் பறந்துபோய் வீலின் மேல் இருக்கிற கிளியர் கோட்டில், அதாவது நிறமில்லாத மேல்பூச்சில், ஒட்டுகிறது. கூடவே பேடில் இருந்த ரெசினும் கரியும் சேர்ந்து படிகின்றன. அடுத்த மழையில், அல்லது மலைப் பனியில், அந்த இரும்பு துருப்பிடிக்கிறது. துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நாம் பார்க்கிற பழுப்புப் புள்ளி வீலின் துரு கிடையாது. அலாய் வீல் அலுமினியம், அதற்கு அந்தத் துரு வராது. டிஸ்கிலிருந்து வந்து உட்கார்ந்த இரும்பின் துரு அது. இது புரிந்திருந்தால் தேய்க்கிற வேலையையே விட்டிருக்கலாம். துருவைக் கரைக்கத்தான் வேண்டும், அதுவும் அலுமினியத்தையும் கிளியர் கோட்டையும் தொடாமல் இரும்பை மட்டும் கரைக்க வேண்டும்.

ஆனால் அவன் இதைச் சொன்னபோது காரியம் கெட்டுப்போயிருந்தது. அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு வாட்டர் வாஷ் கடை. வழக்கமாகப் போகிற இடம்தான். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த பையன், "அக்கா, வீலுக்குன்னு தனியா ஒரு லிக்விட் இருக்குதுங்க்கா. அடிச்சா புது வண்டி மாதிரி ஆயிரும், 300 ரூவாதான்" என்றான். ஏதாவது ஆகுமா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகாதுங்க்கா, பெரிய பெரிய வண்டிக்கெல்லாம் இதுதான் அடிக்கிறோம்" என்றார் முதலாளி. வெள்ளை கேனிலிருந்து ஸ்பிரே பாட்டிலுக்கு ஊற்றினார்கள். கேனில் பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. வெயிலில் நின்ற வண்டி, வீல் இன்னும் சூடாக இருந்தது. அடித்த உடனே புசுபுசுவென்று நுரைத்தது, மூக்கில் சுருக்கென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் பிரெஷ் போட்டுத் தேய்த்து பிரஷரில் தண்ணீர் அடித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், வீல் மின்னியது. சந்தோஷத்தில் பையனுக்குத் தனியாக 50 ரூபாய் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த 50 ரூபாய்தான் உறுத்துகிறது.

என் வண்டியில் இருந்தது டைமண்ட் கட் வீல். அதாவது வீலுக்கு முழுசாகப் பெயிண்ட் அடித்து, பிறகு முகப்பை லேத்தில் சீவி, பளபளவென்று அலுமினியம் தெரியும்படி விட்டு, அதன் மேல் கிளியர் கோட் மட்டும் போட்டிருப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்தக் கிளியர் கோட் எங்கேயாவது கொஞ்சம் உடைந்தால் அடியில் இருப்பது வெறும் அலுமினியம். ஜல்லி தெறித்து நம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உடைசல் எல்லா வீலிலும் இருக்கும். அந்த வழியாக அவர்கள் அடித்த லிக்விட் உள்ளே போயிருக்கிறது. அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் வீலின் ஓரத்தில் வெள்ளையாகக் கோடுகள் நெளிந்து ஓட ஆரம்பித்தன. ஈரமாக இருக்கும்போது தெரியாது, காய்ந்தால் பளிச்சென்று தெரியும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. நட்டுகளின் பளபளப்பும் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "மழைத் தண்ணிங்க்கா, பார்க்கிங்ல தண்ணி நிக்குதா?" என்று கேட்டார் முதலாளி. கையில் ரசீதும் இல்லை, என்ன அடித்தார்கள் என்பதற்குச் சாட்சியும் இல்லை. வாய்ச்சண்டை போட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனது பணம்தான், ஆனால் எதிரில் நின்று முகத்துக்கு நேராகப் பொய் சொன்னதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

வீல் கிளீனர் என்ற பெயரில் விற்பதில் ஆசிட் வகை, காரம் வகை, இரண்டும் இல்லாத நியூட்ரல் வகை என்று மூன்று உண்டு. ஆசிட் வகையும் கடுங்கார வகையும் அலுமினியத்துக்கு ஆகாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை எப்படிச் சாப்பிடும் என்று பள்ளிக்கூட லேபில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆசிட் வகையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இது வீலைவிட முக்கியம். கடுமையான சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் அல்லது அம்மோனியம் பைஃப்ளூரைடு இருக்கும். தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது. உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தோடு சேர்ந்து, மணிக்கணக்கு கழித்துத்தான் வலியைக் காட்டும். அந்தப் பையன் கையில் உறைகூட இல்லாமல் பிரெஷ் போட்டான். அந்தக் கேனில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் மேல் இருந்த கோபத்தில் அன்று இதை நினைக்கவில்லை, பிறகு நினைத்து நினைத்துக் கஷ்டமாக இருந்தது. லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால், அல்லது 'அரிக்கும்' என்று கையும் உலோகமும் கரைவதுபோல் படம் போட்டிருந்தால், தொடவே வேண்டாம். அலாய் வீலுக்கு என்று எழுதி, பிஎச் நியூட்ரல் என்றும் போட்டிருப்பதே போதும்.

வீலைச் சரிபண்ண என்ன வழி என்று விசாரித்தேன். புது அலாய் கம்பெனி ஷோரூமில் ஒன்றே 14,000 சொன்னார்கள். அதைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். மறுபடி டைமண்ட் கட் செய்ய ஒரு வீலுக்கு 4,500. ஆனால் லேத்தில் ஒவ்வொரு தடவை சீவும்போதும் உலோகம் கொஞ்சம் குறைகிறது, அதனால் ஒரு வீலுக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் அதைச் செய்யக்கூடாது. செய்தாலும் அதே மெல்லிய கிளியர் கோட், அதே வால்பாறை ரோடு. அதனால் முழுசாகப் பெயிண்டை எடுத்துவிட்டு ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்டைத் தூளாக அடித்துச் சுட்டு ஒட்ட வைக்கிற பூச்சு, போட்டுக்கொண்டேன். ஒரு வீலுக்கு 2,800 வீதம் நாலு வீலுக்கு 11,200. டயரைக் கழற்றி மாட்டி, பேலன்சிங் பார்க்க 1,400. அடர் சாம்பல் நிறம் எடுத்தேன், தூள் படிந்தாலும் அவ்வளவாகக் காட்டாது. முன்னாடியே இதைச் செய்திருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பவுடர் கோட்டிங் போடுகிறவர்களிடம் சிலது கேட்டே ஆக வேண்டும். பவுடரை ஓவனில் வைத்துச் சுடுவது பொதுவாக 180 முதல் 200 டிகிரியில். அதற்கு மேல் சூடாக்கினாலோ திரும்பத் திரும்பச் சுட்டாலோ அலாயின் உறுதி குறையலாம், ஆகவே எத்தனை டிகிரி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள். அடுத்தது, வீல் ஹப்போடு (வீலை மாட்டுகிற நடுப்பகுதி) உட்காருகிற முகத்திலும் நட்டு உட்காருகிற குழியிலும் பவுடர் படக்கூடாது, அந்த இடங்களை மறைத்துவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். பெயிண்ட் மேல் நட்டை இறுக்கினால், நாளடைவில் அந்தப் பெயிண்ட் நசுங்கி நட்டு லூசாகும். எனக்கு மாட்டிக் கொடுத்த டயர் கடைக்காரர் நல்ல மனுஷன். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள், நட்டை ஒரு தடவை திரும்ப டைட் பண்ணித் தருகிறேன் என்று அவரே சொன்னார். காசும் வாங்கவில்லை.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தால், புதுப் பெயிண்ட் போட்ட வீலில் மலை இறங்கி வந்த முதல் தடவையே கருப்பு வந்துவிட்டது. அதிலும் இடது முன் வீல் வலதைவிடத் தெளிவாகக் கூடுதல். முன்னாடியும் அப்படித்தான் இருந்திருக்கிறது, ஃபோனில் பழைய போட்டோக்களைப் பார்த்தபோது தெரிந்தது. பழைய வீலில் எல்லாமே அழுக்கு, அதனால் வித்தியாசம் கண்ணில் படவில்லை. மெக்கானிக்கிடம், "இந்தப் பக்கம் மட்டும் ஏனுங்க இவ்ளோ கருப்பு?" என்று கேட்டேன். அவர் வீலைத் தொடக்கூட இல்லை. "பேடு ஒட்டிக்கிட்டே ஓடுதுங்க. காலிப்பர் பின் ஜாம் ஆயிருக்கும், கழட்டிப் பாத்துரலாம்" என்றார். கழற்றினால் அவர் சொன்னது அப்படியே. பேடுகளை டிஸ்கில் அழுத்துகிற கவ்விதான் காலிப்பர். அது இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பேடு டிஸ்கை விடும். அந்தப் பின்னைச் சுற்றியிருக்கிற ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் போய், பின் துருவேறி இறுகிவிட்டது. உள் பக்கத்துப் பேடு கிட்டத்தட்டத் தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது, வெளிப் பக்கத்துப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். இதோடுதான் இத்தனை நாள் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 40 வளைவு இறங்கியிருக்கிறேன்.

இத்தனை வைத்தியம் சொன்னவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். இரண்டு முன் வீலும் சமமாகக் கருப்பானால் அது வழக்கமான தூள். ஒரு வீல் மட்டும் கூடுதலாகக் கருத்தால் அந்தப் பக்கம் பிரேக்கைக் காட்ட வேண்டும். வேறு அறிகுறிகளும் உண்டு. வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நிறுத்தி இறங்கினால் அந்த வீல் பக்கம் கருகிய வாடை வரும், மைலேஜ் குறையும். பிரேக் அதிகம் போடாமல் ஹைவேயில் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன் வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எது அதிகச் சூடு என்று தெரியும். வீலைத் தொட்டுவிடாதீர்கள், கொப்புளம் போட்டுவிடும். பின்னைச் சுத்தம் செய்து, ரப்பர் உறை மாற்றி, பிரேக்குக்கு என்றே இருக்கிற சூடு தாங்கும் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும் என்றார். பேடு செட் 3,600, கூலியும் உறையும் சேர்த்து 900.

பேடு மாற்றும்போதே தூள் குறைவான வகையாகக் கேட்டேன். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் உலோகம் கலந்த பேடு வரும். அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் டிஸ்கையும் சேர்த்துத் தேய்க்கும், அதனால் தூள் அதிகம். செராமிக் பேடு, ஆர்கானிக் பேடு இவற்றில் தூள் குறைவு, வருகிற தூளும் வெளிறி இருக்கும், அவ்வளவாக ஒட்டாது. நான் செராமிக் போட்டேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. இருந்தாலும் விலை மலிவாக இருக்கிறதே என்று பேர் தெரியாத பேடு போடாதீர்கள், மலை ரோட்டில் ஓட்டுகிறவர்கள் முக்கியமாக. தூளைக் குறைக்கக் காசே செலவாகாத வழி ஒன்று உண்டு: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு மட்டும் போதும். வால்பாறையில் பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். ஐரோப்பாவில் இந்தத் தூளுக்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2024-இல் வந்த யூரோ 7 விதிகளில், புகைக்கு இருப்பதுபோல் பிரேக் துகளுக்கும் வரம்பு இருக்கிறது. பெட்ரோல், டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், மின்சாரக் கார்களுக்கு 3. நாம் வீல் அழுக்காகிறதே என்று புலம்புகிறோம், இதே தூளைத்தான் ரோட்டோரத்தில் நடக்கிறவர்கள் சுவாசிக்கிறார்கள். அதனால் காய்ந்த தூளைக் கம்ப்ரசர் காற்று வைத்து ஊதாதீர்கள், ஊதுகிற இடத்தில் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

இனி, நான் இப்போது செய்கிற முறை. மாலையில் வண்டியை நிழலில் நிறுத்தி, வீல் கையால் தொடுகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் தொடங்குவேன். சூடான வீலில் எது அடித்தாலும் நொடியில் காய்ந்து கறையாகும். அதற்கு மேல், கொதிக்கிற டிஸ்கில் பச்சைத் தண்ணீர் அடிப்பதும் நல்லதில்லை. முதலில் நிறையத் தண்ணீர், அப்புறம் ஷாம்புவும் மெல்லிய பிரெஷ்ஷும். வீலுக்கு என்று வாளி, துணி, பிரெஷ் எல்லாம் தனியாக வைத்திருக்கிறேன். வீலைத் துடைத்த துணியில் இரும்புத் துகள் மாட்டியிருக்கும், அதே துணியால் பானெட்டைத் துடைத்தால் கீறல் நிச்சயம். ஷாம்புவில் மேல் அழுக்கு போன பிறகுதான் அயர்ன் ரிமூவர், அதாவது இரும்புத் துகளைக் கரைக்கிற திரவம். இதை நேராக அழுக்கின் மேல் அடித்தால் பாதி வீண்.

அயர்ன் ரிமூவர் என்று கேட்டால் கார் சாமான் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. நான் வாங்குவது அரை லிட்டர் 600 ரூபாய், நாலு வீலுக்கு இரண்டு மூன்று தடவை வரும். அதில் வேலை செய்கிற சரக்கு தயோகிளைகோலேட் என்கிற உப்பு. பார்லரில் முடி ஸ்ட்ரெய்ட்டனிங் செய்யும்போது ஒரு நெடி வருமே, அதே குடும்பம்தான், அதே நாற்றம்தான். அழுகின முட்டை வாடை வீடு வரைக்கும் வரும், ஆகவே மூடிய பார்க்கிங்கில் அடிக்காதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடிக்கும்போது தண்ணீராகத்தான் இருக்கும். அரை நிமிஷத்தில் ஒவ்வொரு பழுப்புப் புள்ளியைச் சுற்றியும் ஊதா நிறம் கசிய ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்போக் வழியாக ஊதாவும் சிவப்பும் கலந்து வழிந்து தரையில் சொட்டும். அந்த நிறம், இரும்பை அது பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். முதல் தடவை பார்த்தபோது வீலே கரைகிறதோ என்று பயந்து உடனே தண்ணீர் அடித்துவிட்டேன். பயப்பட வேண்டாம். மூன்று, நாலு நிமிஷம் விடலாம், ஆனால் காய விடக்கூடாது. காய்ந்தால் அதுவே கறை. இடையில் மூலைகளில் மட்டும் பிரெஷ்ஷால் மெல்லக் கலக்கிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வருஷக்கணக்கில் ஏறிய வீல் என்றால் ஒரே தடவையில் போகாது, தோசைக்கல்லில் தீய்ந்து பிடித்தது போல அடுக்கடுக்காகத்தான் கழன்று வரும். அழுத்தித் தேய்க்காமல் இரண்டாவது தடவை அடியுங்கள், மிச்சமிருந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். கிளியர் கோட் இல்லாத வெறும் பாலிஷ் வீல் வைத்திருப்பவர்கள் முதலில் ரிம்மின் பின்பக்கம் ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் கருப்பாக ஏதாவது நின்றால், ஊதா நிறமே வரவில்லை என்றால், அது இரும்பு இல்லை, தார். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும், வீலில் நேராக அடித்தால் டிஸ்குக்குப் போய்விடும். அதற்கும் மசியாத சொரசொரப்புக்குக் கிளே பார் என்று பிசைகிற களிமண் மாதிரி ஒன்று விற்கிறது. வீலை ஷாம்புத் தண்ணீரால் வழவழப்பாக வைத்துக்கொண்டு அதை மெல்ல ஓட்டினால் ஒட்டியிருக்கிற துகளைப் பிடுங்கிக்கொள்ளும். தரையில் விழுந்துவிட்டால் மனசு கேட்காவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், மண் ஒட்டிய கிளே உப்புத்தாளுக்குச் சமம்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு என்றே ஒரு தொல்லை, போர் தண்ணி. உப்புத் தண்ணீரில் கழுவிக் காய விட்டால் பிரேக் தூள் போன இடத்தில் வெள்ளைத் திட்டு உட்கார்ந்துகொள்ளும். கழுவி முடித்ததும் மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றித் துடைத்துவிட வேண்டும். கடைசியாகக் குடிக்க வைத்திருக்கிற சிறுவாணித் தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றினால் திட்டு வருவதே இல்லை. காருக்குச் சிறுவாணியா என்று வீட்டில் கேட்பார்கள், அதைச் சமாளிப்பது உங்கள் பாடு. சுத்தமான, காய்ந்த வீலுக்கு வீல் சீலன்ட்டோ வாக்ஸோ பூசிவிட்டால் தூள் வருவது குறையாது, ஆனால் வருகிற தூள் இறுக்கமாகப் பிடிக்காது. மலை இறங்கி வந்த இரண்டு நாளுக்குள் வெறும் ஷாம்பு போட்டுக் கழுவினாலே போய்விடுகிறது. அயர்ன் ரிமூவர் இப்போது எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் தேவைப்படுகிறது.

கழுவி முடித்து வண்டியை எடுக்கும்போது ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக நாலைந்து தடவை பிரேக் பிடித்து விடுங்கள். ஈர டிஸ்கில் முதல் பிடி கொஞ்சம் வழுக்கும். டிஸ்க் மேல் உடனே செம்மஞ்சளாகத் துரு படர்வதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், ஓட்ட ஆரம்பித்ததும் பேடே அதைத் துடைத்துவிடும்.

வாட்டர் வாஷுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை, கடையை மட்டும் மாற்றிவிட்டேன். வண்டியை விடும்போதே, "வீலுக்கு வெறும் தண்ணியும் ஷாம்பும் போதும், வேற எதுவும் அடிக்காதீங்க. அடியில டீசலும் ஆயிலும் ஸ்பிரே பண்ண வேண்டாம், பிரேக்ல படும்" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிகிறது. பிடிக்காவிட்டால் போகட்டும்.